உமி மூட்டையும் ஹைட்ரஜன் கணக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உமி, வைக்கோல், தேங்காய்ச் சிரட்டை, கரும்புச் சக்கை, நிலக்கடலைத் தோல் ஆகியவற்றிலிருந்து வினையூக்கி தயாரித்து, அதை வைத்துத் தண்ணீரிலிருந்து பசுமை ஹைட்ரஜன் எடுக்கலாம் என்ற செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. வரவேற்க வேண்டிய ஆய்வுதான். மின்வேதியியலில் பணியாற்றும் நாங்களும் அதன் பக்கம் நிற்பவர்கள்தான். ஆனால் இச்செய்திகளில் இரண்டு வாக்குறுதிகள் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. வயலில் எரிக்கப்படும் கழிவுக்கு விடிவு கிடைக்கும் என்பது ஒன்று. ஹைட்ரஜனுக்கு ஆகும் மின்சாரம் பாதியாகக் குறையும் என்பது மற்றொன்று. இரண்டும் கணக்கில் நிற்காது. உண்மையான பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அது மக்களுக்குச் சரியாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதலில் கழிவுக் கணக்கு. மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கருவிதான் மின்பகுப்பான்; காரக் கரைசலில் ஓடும் ஒரு மெகாவாட் காரவகை மின்பகுப்பான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கலமும் 1.9 வோல்ட்டில், சதுர சென்டிமீட்டருக்கு 0.4 ஆம்பியர் வீதம் ஓடினால், ஒரு சதுர சென்டிமீட்டர் 0.76 வாட் எடுக்கும். ஒரு மெகாவாட்டுக்கு மொத்த மின்முனைப் பரப்பு ஏறத்தாழ 132 சதுர மீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வினையூக்கி பூசுவதாக வைத்தால், மொத்தமே 2.6 கிலோ. உமியைக் கரியாக்கி, சிலிக்காவை நீக்கி, துளைகளை உண்டாக்கி முடிக்கும்போது எடையில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆக, 30 கிலோ உமி போதும், ஒன்றிரண்டு மூட்டை. ஒரு டன் நெல்லை அரைத்தாலே 200 கிலோ உமி வந்துவிடும். பூச்சை ஐந்து மடங்கு தடிமனாக்கினாலும் அந்த ஒரு டன் நெல்லின் உமி தீராது. வயல் வயலாகக் குவியும் கழிவுக்கு முன்னால் இது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கழிவைப் பெருமளவில் ஹைட்ரஜனாக்க வேண்டுமானால் வழி வேறு: நீராவியோடு சேர்த்து வாயுவாக்குவது. அங்கே ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குப் பத்துக் கிலோவுக்கு மேல் உலர்ந்த கழிவு தேவைப்படும். மேலே சொன்ன மின்பகுப்பான் மணிக்குத் தரும் 20 கிலோ ஹைட்ரஜனை வாயுவாக்கல் முறையில் எடுத்தால், மணிக்கு 200 கிலோவுக்கு மேல் கழிவு உள்ளே போகும். வினையூக்கி வழியில் அந்த 30 கிலோ, மின்முனையின் ஆயுள் முழுவதற்குமான கணக்கு. இவ்விரண்டு வழிகளையும் ஒரே பெயரில் குழப்புவதால்தான் விவசாயிக்குப் பொய் நம்பிக்கை போகிறது. தவிர, வைக்கோல் எல்லா இடத்திலும் கழிவும் அல்ல. மாட்டுக்குத் தீவனம், மண்ணுக்குப் பொட்டாஷ்.

அடுத்து மின்சாரக் கணக்கு. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 26,600 ஆம்பியர்-மணி மின்னோட்டம் கட்டாயம் வேண்டும். எந்த வினையூக்கியாலும் அதைக் குறைக்க முடியாது, அது இயற்பியல் விதி. குறைக்க முடிந்தது வோல்ட் மட்டுமே. கலத்தின் வோல்ட்டை 26.6 ஆல் பெருக்கினால் ஒரு கிலோவுக்கான யூனிட் கிடைக்கும். 1.9 வோல்ட் என்றால் 50.5 யூனிட். வினையூக்கி 0.1 வோல்ட்டை மிச்சப்படுத்தினால் 2.66 யூனிட் லாபம். ஹைட்ரஜனுக்குள் சேமிக்கப்படும் ஆற்றலே, எரிந்து உண்டாகும் நீராவி குளிர்ந்து நீராகும்போது வெளிவிடும் வெப்பத்தையும் சேர்த்து, கிலோவுக்கு 39.4 யூனிட். வெளியிலிருந்து வெப்பம் கொடுக்காமல் ஓடும் கலத்துக்கு அதற்கு இணையான 1.48 வோல்ட்தான் அடித்தளம். 50-லிருந்து 39-க்கு இறங்க முயல்கிறோம், பாதிக்கு அல்ல. மின்விலை ஏறியிருக்கும் இடத்தில் 2.66 யூனிட்டும் பெரிய தொகைதான், அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

அப்படியானால் கழிவுக்கரி வினையூக்கி எங்கே உதவும்? புரோட்டான் பரிமாற்றச் சவ்வு வைத்த மின்பகுப்பானில் ஹைட்ரஜன் பக்கத்துக்கு (எதிர்மின்வாய்) பிளாட்டினமும் ஆக்சிஜன் பக்கத்துக்கு (நேர்மின்வாய்) இரிடியமும் தேவை. இரிடியத்தின் உலக உற்பத்தி ஆண்டுக்கு 7, 8 டன்தான். பெரும் முட்டுக்கட்டை அங்கேதான். ஆனால் கரியால் இரிடியத்துக்கு மாற்றாக முடியாது. கரி, நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறத் தொடங்கும் வெப்ப இயக்கவியல் எல்லை, ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியாக வைத்து, 0.207 வோல்ட். அங்கே அது மெதுவாகத்தான் நடக்கும், அதனால்தான் எரிபொருள் கலங்களில் கரி தாக்குப்பிடிக்கிறது. நேர்மின்வாயில் அது 1.5 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கே கரி தேய்ந்து போகும். 'கழிவுக்கரி ஆக்சிஜன் பக்கத்திலும் அபாரம்' என்ற அறிவிப்பைக் கண்டால், வெளிவரும் வாயுவில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று சோதித்தார்களா எனக் கேளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. கரியை அச்சாக மட்டும் பயன்படுத்தலாம். நிக்கல், இரும்பு நைட்ரேட் கரைசலைத் தாவரக் கரியில் ஊற வைத்து, பின் காற்றில் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரி எரிந்து போய், அதன் துளை வடிவம் மட்டும் ஆக்சைடாக நிற்கும். நேர்மின்வாயில் எரிந்து போகக் கரியே அங்கு இல்லை. தாவரம் தன் நுண்குழாய்களை இங்கே கடன் கொடுக்கிறது.

ஹைட்ரஜன் பக்கத்திலும் ஒரு நேர்மை தேவை. பெரிய அளவில் ஓடும் காரவகை மின்பகுப்பான்களில் பிளாட்டினம் கட்டாயமே இல்லை. நிக்கல், ரேனி நிக்கல் (நுண்துளைகள் நிறைந்த நிக்கல்) மின்முனைகளே ஓடுகின்றன. அங்கே கழிவுக்கரியின் போட்டியாளர் ரேனி நிக்கல். செய்திகளில் எப்போதும் ஒப்பிடப்படுவதோ பிளாட்டினத்தோடு. எங்கள் கணிப்பில், கழிவுக்கரிக்கு உகந்த இடம் எதிரயனிப் பரிமாற்றச் சவ்வு (ஹைட்ராக்சைடு அயனிகளைக் கடத்தும் சவ்வு) வைத்த மின்பகுப்பான்தான். காரச் சூழல் என்பதால் நிக்கல், கோபால்ட் அங்கே கரைந்து போவதில்லை. அமிலச் சவ்வில் நிக்கல் கரைந்துவிடும்.

இனி தயாரிப்புக்கு வருவோம். கேட்க எளிதாகத் தோன்றும் இடம் இதுதான், மிகப் பலர் சறுக்குவதும் இங்கேதான்.

மூலப்பொருள் ஒரே சீராக இருக்காது. உமியை எரித்தால் 15 முதல் 20 சதவீதம் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. தேங்காய்ச் சிரட்டையில் சாம்பல் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, கரி கெட்டியாக வரும். வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். மழையில் நனைந்து காய்ந்த வைக்கோலில் இவை கழுவிப் போயிருக்கும். நனையாத வைக்கோலில் அப்படியே இருக்கும். ஆக, ஒரே வயலின் வைக்கோல்கூட அறுவடைக்குப் பின் பெய்த மழையைப் பொறுத்து இரண்டு விதமான கரியைத் தரும். ஆகவே ஒவ்வொரு சாக்கிலிருந்தும் மாதிரி எடுத்து 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தி ஈரப்பதத்தையும், 550 டிகிரியில் காற்றில் எரித்துச் சாம்பலின் அளவையும் குறித்து வைக்க வேண்டும். இந்த இரண்டு எண்கள் இல்லாத கரியின் முடிவை வேறு எவரும் திரும்பச் செய்ய முடியாது.

உலர்த்தியதை அரைத்து, சலித்து, 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் அளவுள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நைஸான தூள் உலையில் பறந்துவிடும்; பெரிய துண்டின் உட்பகுதி பச்சையாகவே நின்றுவிடும். நைட்ரஜன் ஓடும் குழாய் உலையில் நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 450 அல்லது 500 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மணி நேரம் நிறுத்தினால் கரி கிடைக்கும். வேகமாக ஏற்றினால் தார் அதிகம் வந்து, உலைக் குழாயின் குளிர்ந்த முனையில் படிந்து வாயு போகும் வழியை அடைக்கும். அந்த முனையில் தார் பிடிக்கும் குடுவை ஒன்று வைப்பது அவசியம். ஆரம்பத்திலேயே நைட்ரஜனை 20, 30 நிமிடம் ஓடவிட்டுக் காற்றை முழுக்க வெளியேற்றிய பின்தான் சூட்டை ஏற்ற வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் மேல்பரப்பு சாம்பல் பூத்துத் தெரியும். கரியின் எடை குறைந்திருக்கும்.

இந்தக் கரியில் துளைகள் குறைவு. துளை போடக் கையாளப்படும் வழி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். கரியின் எடையைப் போல இரண்டு முதல் நான்கு மடங்கு காரத்தை எடுத்து, சிறிது நீரில் கரைத்து, கரியோடு கலந்து, 110 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, 700 முதல் 800 டிகிரி வரை நைட்ரஜனில் ஒரு மணி நேரம் சுடுவார்கள். காரம் 360 டிகிரியில் உருகும். அந்த நேரத்தில் உள்ளே மிச்சமிருக்கும் நீரும் பிறக்கும் ஹைட்ரஜனும் சேர்ந்து நுரை பொங்கும். மூசையில் (உலைக்குள் வைக்கும் கிண்ணத்தில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் கரைசல் பொங்கி உலைக் குழாயைக் கெடுத்துவிடும். 400 டிகிரியில் அரைமணி முதல் ஒரு மணி வரை நிறுத்தி, நுரை அடங்கியபின் மேலே ஏற்றுவதே பாதுகாப்பு. மூசை நிக்கலால் ஆனதாக இருக்கட்டும். உருகிய காரம் அலுமினா, குவார்ட்ஸ், பீங்கான் எல்லாவற்றையும் அரிக்கும். அரிக்கும்போது அலுமினியமும் சிலிக்கானும் கரிக்குள் கலந்துவிடும், பின்பு 'கழிவிலிருந்து வந்த இயல்பான தனிமங்கள்' என்று அறிக்கையில் ஏறிவிடும். நிக்கல் மூசையிலும் சிறிதளவு நிக்கல் கரியில் ஏறும். ஆகவே உலோகம் இல்லை என்று சொல்லும் முன் உலோக அளவைப் பகுப்பாய்வு செய்தே ஆக வேண்டும்.

இங்கே நிறுத்தி, மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. காரமும் கரியும் வினைபுரியும்போது பொட்டாசியம் உலோகமே உண்டாகிறது. 759 டிகிரியில் அது ஆவியாகி குளிர்ந்த இடத்தில் படியும். உலை ஆறியதும் மூசையை எடுத்து நேராகத் தண்ணீரில் போட்டால் தீப்பொறியும் தீயும் எழும். ஹைட்ரஜன் வெடிக்கும். அறை வெப்பநிலைக்கு வரும் வரை நைட்ரஜனை நிறுத்தாமல் ஓட விடுங்கள். பிறகு புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (fume hood), முகக்கவசமும் கையுறையும் அணிந்து, முதலில் நீர் கலக்காத மூன்றாம்நிலை பியூட்டனாலைச் (tert-butanol) சொட்டுச் சொட்டாக விட்டு, சத்தமும் குமிழும் அடங்கிய பின்பே தண்ணீர் ஊற்றுங்கள். உலைக் குழாயின் முனையில் சாம்பல் நிறப் படிவு தெரிந்தால் அதையும் அதே கவனத்தோடு கையாள வேண்டும். இதை ஆய்வகத் தாளில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். உயிரையே காக்கும் வரி இது.

கழுவும் வரிசையும் முக்கியம். உமிக்கரியில் இருந்த சிலிக்கா காரத்தோடு சேர்ந்து பொட்டாசியம் சிலிகேட்டாகி, நீரில் கரையும் நிலையில் இருக்கும். எடுத்த எடுப்பில் அமிலத்தைச் சேர்த்தால் அந்தச் சிலிகேட் ஜெல்லாக உறைந்து, பாடுபட்டுப் போட்ட துளைகளையே அடைத்துவிடும். முதலில் சூடான காய்ச்சி வடித்த நீரால் பலமுறை கழுவி, அதன் பின்புதான் ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதன் பின் மீண்டும் நீர், கழுவிய நீர் நடுநிலைக்கு வரும் வரை. நடுநிலை மட்டும் போதாது. வடிநீரில் வெள்ளி நைட்ரேட் விட்டுப் பாருங்கள், வெண்மையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று பொருள். சிலிக்கா மிச்சமிருந்தால் மின்பகுப்பானின் காரக் கரைசலில் நாள்கணக்கில் மெதுவாகக் கரைந்து, சவ்வின் மேலும் மின்முனையின் மேலும் படியும். ஆய்வகத்தில் பத்து மணி நேரச் சோதனையில் அது தெரியாது.

இந்த முறையைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோகும்போது காரம்தான் தடை. ஒரு கிலோ கரிக்கு மூன்று கிலோ காரம் என்றால், அதை நடுநிலையாக்க மட்டும் ஏறத்தாழ இரண்டு கிலோ ஹைட்ரஜன் குளோரைடு தேவை; கூடவே பெருமளவு உப்புக் கழிவுநீர். காரத்தில் பெரும்பகுதி சூட்டில் கார்பனேட்டாக மாறிவிடுவதால், அமிலத்துக்கு முன் கழுவிய நீரைத் தனியாக எடுத்து, சுண்ணாம்பு சேர்த்து காரத்தை மீட்க முடியும். அதைச் சொல்லாத திட்டம் பசுமை என்ற பெயருக்குத் தகுதியானதல்ல. பெரிய அளவில் நாங்கள் நீராவியையோ கார்பன் டை ஆக்சைடையோ கொண்டு 800 முதல் 900 டிகிரியில் துளை போடுவதையே சரி என்று நினைக்கிறோம். உள்பரப்பு கார முறையை விடக் குறைவாகத்தான் வரும், ஆனால் கழுவ வேண்டிய உப்பு இல்லை. தவிர, உள்பரப்பு என்ற எண்ணையே இத்தனை போற்ற வேண்டியதில்லை. ஒரு கிராமில் 2,000 சதுர மீட்டர் என்பது பெரும்பாலும் 2 நானோமீட்டருக்கும் குறுகிய துளைகளின் கணக்கு. அந்தத் துளைக்குள் ஹைட்ரஜன் உண்டானாலும் வெளியேற வழி இல்லை, குமிழ் அடைத்துக்கொள்ளும். 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள இடைத் துளைகள்தான் உழைப்பவை. உமியின் சிலிக்கா இயல்பிலேயே அந்த அளவில் கரியோடு பின்னியிருப்பதால், அதை நீக்கியதும் இடைத் துளைகள் தானாகக் கிடைக்கின்றன. உமிக்கு உள்ள தனிச்சிறப்பு இது.

வெறுங்கரி ஹைட்ரஜனை மந்தமாகத்தான் வெளியிடும். நைட்ரஜன் ஏற்றினாலும் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியரைத் தர, அது பெரும்பாலும் 200 மில்லிவோல்ட்டுக்கு மேல் மிகை மின்னழுத்தம் (வினைக்கு அடிப்படையாகத் தேவையானதற்கு மேல் கொடுக்கும் மின்னழுத்தம்) கேட்கும். அமிலத்தில் பிளாட்டினக்கரி 30 மில்லிவோல்ட் அளவிலேயே அதைத் தந்துவிடும். நைட்ரஜன் ஏற்ற, யூரியா அல்லது மெலமினைக் கரியோடு கலந்து 800 டிகிரியில் சுடுவது வழக்கம். இதைத் துளை போடுவதற்கு முன் செய்தால், காரம் அந்த நைட்ரஜனைத் தின்றுவிடும். ஆகவே துளை முதலில், நைட்ரஜன் பின்பு. யூரியாவின் ஆவி குழாயின் குளிர்ந்த முனையில் வெள்ளைப் பொடியாக உறைந்து வாயு வழியை அடைத்துவிடும் என்பதால் அங்கே அகலமான குழாய் போட வேண்டும்.

நைட்ரஜன் ஏற்றிய கரியும் மந்தம் என்பதால் கரியில் உலோகம் ஏற்றுகிறார்கள். 15 சதவீத நிக்கல் வேண்டுமானால், ஒரு கிராம் கரிக்கு 0.87 கிராம் நிக்கல் நைட்ரேட் ஹெக்சாஹைட்ரேட் நீரில் கரைத்து, கரியை அதில் சில மணி நேரம் கலக்கி, 80 டிகிரியில் உலர்த்தி, நைட்ரஜனில் 700 டிகிரி வரை சுடலாம். கரியே நிக்கல் ஆக்சைடை உலோகமாக ஒடுக்கிவிடும். 900-ஐத் தாண்டினால் நிக்கல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும், மேல்பரப்பு வீணாகும். நிக்கலைச் சுற்றி மெல்லிய கிராபைட் உறை உண்டாவது நல்லது; தடித்தால் வினையே தடைபடும். நிக்கலைப் பாஸ்பரசோடு சேர்த்துப் பாஸ்பைடாக்குபவர்கள் சோடியம் ஹைப்போபாஸ்பைட்டை வாயு வரும் பக்கம் வைத்து 300, 350 டிகிரிக்குச் சூடாக்குவார்கள். அப்போது பாஸ்பீன் வரும், அது கடும் நச்சு. வெளியேறும் வாயுவைத் தாமிர சல்பேட் கரைசல் வழியாகச் செலுத்தாமல் இதைச் செய்யக் கூடாது. அதற்கான வசதி இல்லாத ஆய்வகம் இதைத் தொடவே வேண்டாம்.

இங்கே ஒரு கேள்வி கட்டாயம் எழ வேண்டும். வேலை செய்தது நிக்கலா, கழிவுக்கரியா? அதே அளவு நிக்கலைக் கடையில் வாங்கிய சாதாரண கரித்தூளில் ஏற்றி, அதே சூட்டில் சுட்டு, பக்கத்தில் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். இந்த ஒப்பீடு இல்லாத செய்தியில் 'கழிவு' என்பது அலங்காரச் சொல்லாக நின்றுவிடுகிறது.

அளவையில் வரும் பிழைகள் தயாரிப்புப் பிழைகளுக்குச் சளைத்தவை அல்ல. வழக்கமாக 5 மில்லிகிராம் தூளை ஒரு மில்லிலிட்டர் ஐசோபுரொப்பனால்-நீர்க் கலவையில் நாஃபியான் பசையோடு கலக்கி, 10 மைக்ரோலிட்டரை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக்கரி வட்டில் சொட்டி உலர்த்துவார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 0.25 மில்லிகிராம் பூச்சு. உள்பரப்பு கூடிய கரி என்றால் ஒரு கிராமுக்கு 200 ஃபாரட் மின்தேக்கத் திறன் இருக்கும். மின்னழுத்தத்தை நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் மாற்றினால், வெறும் மின்தேக்க ஓட்டமே (மேல்பரப்பில் மின்னேற்றம் சேர்வதால் மட்டும் வரும் ஓட்டம்) சதுர சென்டிமீட்டருக்கு 2.5 மில்லிஆம்பியர் வந்துவிடும்! அளவுகோலாக வைத்திருக்கும் 10 மில்லிஆம்பியரில் கால்பங்கு, ஒரு குமிழ்கூட வராமல். நொடிக்கு 5 மில்லிவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. இயன்றால் ஒரே மின்னழுத்தத்தில் நிறுத்தி, ஓட்டம் நிலைக்கும் வரை காத்திருந்து அளக்க வேண்டும்.

துணை மின்முனையாகப் பிளாட்டினக் கம்பியை வைப்பது இன்னொரு பிழை. பிளாட்டினம் மெல்லக் கரைந்து, கரைசல் வழியே வந்து, நம் கரியின் மேல் படியும். மணிக்கணக்கில் ஓட ஓட வினையூக்கி 'மேம்படுவது' போலத் தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கிராபைட் கம்பியை வைத்து மீண்டும் சோதித்தால் உண்மை விளங்கும். காரக் கரைசலில் வெள்ளி-வெள்ளிக் குளோரைடு ஒப்பீட்டு மின்முனையின் (மின்னழுத்தத்தை அளக்க அடிப்படையாக வைக்கும் மின்முனை) அளவு நகர்ந்து போகும், பாதரசம்-பாதரச ஆக்சைடுதான் பொருத்தம். அதையும் ஹைட்ரஜன் குமிழியிட்ட கரைசலில் பிளாட்டினத்தோடு, வேறொரு கலத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

கரைசலின் மின்தடையால் வீணாகும் வோல்ட்டை அளவிலிருந்து கழிப்பதில் நடப்பதையும் சொல்லியாக வேண்டும். 5 மில்லிமீட்டர் வட்டுக்கு 6 ஓம் தடை என்று வைப்போம். 10 மில்லிஆம்பியர் அளவுகோலில் அந்த வட்டில் ஓடுவது 2 மில்லிஆம்பியர். கழிக்க வேண்டியது 12 மில்லிவோல்ட்தான். சதுர சென்டிமீட்டருக்கு 500 மில்லிஆம்பியர் என்று சொல்லும்போது வட்டில் ஓடுவது ஏறத்தாழ 100 மில்லிஆம்பியர், கழிப்பது 0.6 வோல்ட். கழித்தபின் மிஞ்சும் மிகை மின்னழுத்தத்தைவிடக் கழித்தது பெரியது. தடையை அரை ஓம் தவறாக எடுத்தாலே 50 மில்லிவோல்ட் பிழை. ஆகவே உயர் மின்னோட்ட எண் வட்டில் அளந்ததா, உண்மையான சவ்வுக் கலத்தில் அளந்ததா என்பது அடிப்படைக் கேள்வி. தொழிற்கலங்கள் ஓடுவது 200 முதல் 400 மில்லிஆம்பியரில், சவ்வுக் கலங்கள் ஓர் ஆம்பியருக்கும் மேலே. 10 மில்லிஆம்பியரில் பெற்ற வெற்றி அங்கே செல்லுபடியாகாமல் போகலாம். பசை உரியும், குமிழ் தூக்கும், துகள் உதிரும்.

சூரிய ஒளியிலும் காற்றிலும் ஓடும் மின்பகுப்பான் தினமும் நின்று நின்று ஓடும். நிற்கும் வேளையில் கலத்துக்குள் எதிர்த்திசையில் ஓட்டம் பாய்ந்து, ஹைட்ரஜன் பக்க மின்முனை உயர்ந்த மின்னழுத்தத்துக்கு ஏறும். முன்னே சொன்ன கரித் தேய்மானம் அப்போது இந்தப் பக்கமும் நடக்கும்; நிக்கலும் ஆக்சிஜனேற்றம் அடையும். கழிவுக்கரி மின்முனையைச் சோதிப்பவர்கள் விடாமல் ஓட்டிய மணிநேரத்தோடு, எத்தனை முறை நிறுத்தி ஓட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களைக் கேட்டால், நிறுத்தி ஓட்டிய எண்ணிக்கைதான் கூடுதல் மதிப்புள்ளது.

ஆசிரியர் அவர்களே, தங்கள் செய்தியாளர்கள் இனி இத்தகைய ஆய்வைப் பற்றி எழுதும்போது ஆய்வாளர்களிடம் இவற்றைக் கேட்கும்படி கேட்டுக்கொள்கிறோம்: எந்தப் பக்க மின்முனை, எந்தக் கரைசல், கரியில் எத்தனை சதவீதம் உலோகம், எத்தனை மில்லிஆம்பியரில் எத்தனை மணி, எத்தனை முறை நிறுத்தினீர்கள். ஒரு கிலோ வினையூக்கிக்கு எவ்வளவு காரமும் நீரும் ஆயின என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இவற்றுக்கு மகிழ்ச்சியோடு பதில் தருவார். அவருடைய உழைப்பு வெளிச்சத்துக்கு வருவதும் இந்த எண்களால்தான்.

கடைசியாக ஒன்றைக் கேளுங்கள்: வாயுவை அளந்தீர்களா? கரியின் மேலுள்ள ஆக்சிஜன் தொகுதிகள் ஒடுங்கும்போதும் மின்னோட்டம் ஓடும், ஆனால் ஹைட்ரஜன் வராது. இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 50 மில்லிலிட்டர் அளவுச் சாடி ஒன்றை நீர் நிரப்பிக் கவிழ்த்து, கலத்தின் ஹைட்ரஜன் குழாயை அதன் அடியில் செருகி, 100 மில்லிஆம்பியரை ஒரு மணி நேரம் ஓட்டினால் போதும். சன்னல்கள் திறந்திருக்கட்டும், அருகில் தீ வேண்டாம். 25 டிகிரி வெப்பத்தில், நீராவியையும் சேர்த்து, சாடியில் 47 மில்லிலிட்டர் நிற்க வேண்டும். 40-தான் நிற்கிறது என்றால், முதலில் ரப்பர் இணைப்புகளில் சோப்புநீர் தடவிக் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால், மீதி மின்னோட்டம் வேறு வேலைக்குப் போயிருக்கிறது.

இப்படிக்கு,
மின்வேதியியல் துறையில் பணியாற்றும் வாசகர்கள்